புரதத்தில் ஒட்டும் சீனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில் என் ஊர். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். செல்லுக்குள் புரதங்களின் மேல் சர்க்கரை மூலக்கூறுகள் ஏறுவதையும் இறங்குவதையும் பற்றி வகுப்பில் பேசினால் மறுநாளே மாணவர்கள் கேள்விகளோடு வந்து நிற்பார்கள். கல்யாணப் பந்தியிலோ, “நீ சுகரைப் பற்றித்தானே படித்தாய்?” என்று உறவினர்கள் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். இரண்டு தரப்புக் கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். வரிசை என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

சர்க்கரை என்றால் எந்தச் சர்க்கரை?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தச் சொல்லே ஒரு தொல்லை. கடையில் வாங்கும் வெள்ளைப் பொருள் நமக்குச் சீனி. விளவங்கோடு பக்கத்துப் பழைய ஆட்கள் சிலர் வெல்லத்தைச் சர்க்கரை என்பார்கள். இனிப்பே இல்லாத மரவள்ளிக் கிழங்குக்கு மரச்சீனி என்று பெயர். நோயின் பெயர் சுகர். வேதியியலில் சர்க்கரை என்பது ஒரு குடும்பப் பெயர்: குளுக்கோஸ், காலக்டோஸ், மன்னோஸ், ஃபியூக்கோஸ், சயாலிக் அமிலம் என்று உறுப்பினர்கள் பலர். நாக்குக்கு இனிப்பது இவர்களுடைய வேலையே அல்ல.

இந்தப் பக்கத்தில் அதிகம் வரப்போகிறவர் என்-அசிட்டைல்குளுக்கோசமின். குளுக்கோஸில் ஓரிடத்தில் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜனை வைத்து, அதன் தலையில் ஓர் அசிட்டைல் தொகுதியை ஏற்றினால் அவர்தான். ஆய்வுக்கூடத்தில் சுருக்கமாகக் கிளக்நாக் என்போம். ஏதோ கிலுகிலுப்பையின் பெயர் போல ஒலிக்கும்; பழகிவிடும்.

இறால் ஓட்டில் இருப்பதும் இதுதான் என்று ஒரு மாணவி சொன்னாள். உண்மையா?

உண்மை. அவள் குளச்சல்காரி, வீட்டிலேயே பார்த்திருப்பாள். இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் ஓட்டுக்கு உறுதி தருவது கைட்டின். ஆயிரக்கணக்கான கிளக்நாக் அலகுகளைச் சங்கிலியாகக் கோத்தால் கைட்டின். சின்னமுட்டத்தில் உரித்துக் குவித்திருக்கும் ஓட்டுக் குப்பையெங்கும் இந்தச் சங்கிலி உண்டு. அதே அலகு நம் செல்லின் உட்கருவுக்குள் ஒற்றையாக, சங்கிலி போடாமல், ஒரு புரதத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். ஓட்டில் அது செங்கல். உட்கருவில் அது குறிப்பு.

புரதத்தின் மேல் சர்க்கரையை ஒட்டுவதால் செல்லுக்கு என்ன லாபம்?

ஒரு புரதத்தைப் புதிதாகக் கட்ட நேரம் பிடிக்கும்: மரபணுவைப் படி எடுக்க வேண்டும், அமினோ அமிலங்களைக் கோக்க வேண்டும், மடிக்க வேண்டும். சூழல் நொடியில் மாறும்போது அவ்வளவு காத்திருக்க முடியாது. ஆகவே ஏற்கெனவே இருக்கும் புரதத்தின் மேல் சின்னதாக எதையாவது ஒட்டி அதன் குணத்தை மாற்றிவிடுகிறது செல். ஒட்டினால் விழித்துக்கொள்ளும் புரதம் உண்டு. உறங்கிவிடும் புரதமும் உண்டு. சிலது இடம் மாறும், சிலது கூட்டாளியை மாற்றும், சிலது அழிவிலிருந்து தப்பும். பாஸ்பேட், அசிட்டைல், யுபிக்விட்டின் எனப் பல ஒட்டுகள் இருக்கின்றன. சர்க்கரை அவற்றில் ஒன்று. ஆனால் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் அதற்கு ஓர் ஓரத்து இடம்தான் கொடுத்தன.

சர்க்கரை ஒட்டுதல் ஒரே வகையா, பல வகையா?

பல வகை. இரண்டு பெரும் பிரிவாக நினைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, செல்லுக்கு வெளியே போக வேண்டிய அல்லது செல்லின் மேற்பரப்பில் நிற்க வேண்டிய புரதங்களின் மேல் ஏறும் பெரிய, கிளைவிட்ட சர்க்கரை மரங்கள். எண்டோபிளாச வலையில் புரதம் பிறக்கும்போதே 14 சர்க்கரைகள் கொண்ட ஒரு கொத்து, அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தின் மேல் மொத்தமாக ஒட்டப்படுகிறது: 2 கிளக்நாக், 9 மன்னோஸ், 3 குளுக்கோஸ். எல்லா அஸ்பராஜினுக்கும் இந்தப் பாக்கியம் கிடையாது. அதற்கு அடுத்ததற்கு அடுத்த இடத்தில் செரினோ திரியோனினோ இருக்க வேண்டும். நடுவில் புரோலின் இருக்கக் கூடாது.

பிறகு அந்தக் குளுக்கோஸ்கள் ஒவ்வொன்றாக வெட்டப்படும். இங்கேதான் ரசமான விஷயம். புரதம் சரியாக மடிந்திருக்கிறதா என்று சோதிக்க ஒரு நொதி இருக்கிறது. மடிப்பு கோணலாக இருந்தால் அது ஒரு குளுக்கோஸை மீண்டும் ஒட்டிவிடும். அந்த ஒற்றைக் குளுக்கோஸைப் பிடித்துக்கொண்டு கால்நெக்ஸின், கால்ரெட்டிகுலின் என்ற இரு உதவியாளர்கள் மறுபடி மடிக்கப் பார்ப்பார்கள். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தோல் முழுதாகப் போகாத பருப்பு மறுபடி மேசைக்கு வருவது போல. எத்தனை முறை முயன்றும் தேறாத புரதத்திலிருந்து மன்னோஸ்கள் மெல்ல மெல்ல வெட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். போதுமான அளவு வெட்டுப்பட்டுவிட்டால், இது நெடுநேரமாக இங்கேயே கிடக்கிறது என்று பொருள். வெளியே இழுத்து அழித்துவிடுவார்கள். சர்க்கரையின் நீளத்தை வைத்தே காலத்தை அளக்கும் கடிகாரம் இது. வகுப்பில் இந்த இடம் வரும்போது நான் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிடுவேன். மணி அடித்ததுகூடக் காதில் விழாது.

தேறிய புரதம் கோல்கை உறுப்புக்குப் போகும். அங்கே முகவரி எழுதப்படும். செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குப் போக வேண்டிய நொதிகளின் மன்னோஸில் 6ஆம் இடத்தில் பாஸ்பேட் முத்திரை விழும். நம் ஊர்க் கடிதத்தில் 629 என்று தொடங்கும் அஞ்சல் எண் போன்றது அது. முத்திரை குத்தும் நொதி பிறவியிலேயே கெட்டுப்போன குழந்தைகளுக்கு ஐ-செல் நோய் வரும். நொதிகள் நன்றாகத்தான் தயாராகும். ஆனால் முகவரி இல்லாததால் செல்லுக்கு வெளியே போய்விடும். லைசோசோமுக்குள் செரிக்கப்படாத குப்பை குவியும். பொருளில் பழுதில்லை, விலாசத்தில் பழுது.

இரண்டாவது பிரிவு, செல்லின் உள்ளேயே, சைட்டோபிளாசத்திலும் உட்கருவிலும் நடப்பது. மரம் கிடையாது, கிளை கிடையாது. ஒரே ஒரு கிளக்நாக், செரின் அல்லது திரியோனின் மேல். இதன் பெயர் ஓ-கிளக்நாக். செல்லின் உள் நிர்வாகத்தை நடத்துவது இதுதான். இனி வரும் பதில்களில் பெரும்பாலானவை இதைப் பற்றியவை.

இது எப்போது தெரியவந்தது?

1984இல். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கார்மென்-ரோசா டோரஸ், ஜெரால்ட் ஹார்ட் இருவரும் எலியின் லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் மேற்பரப்பில் எங்கெல்லாம் கிளக்நாக் நுனியில் நிற்கிறது என்று பார்க்க விரும்பினார்கள். கிளக்நாக்கின் மேல் காலக்டோஸை ஒட்டும் ஒரு நொதி பாலில் கிடைக்கும். அந்த நொதியையும் கதிரியக்கக் காலக்டோஸையும் கொடுத்தால், கிளக்நாக் இருக்கும் இடமெல்லாம் குறி விழும். எதிர்பார்ப்பு: குறிகள் மேற்பரப்பில் இருக்க வேண்டும். செல்லை உடைத்துப் பார்த்தால் பெரும்பகுதி உள்ளே இருந்தது.

அன்றைய பாடம் என்ன? சர்க்கரை ஒட்டிய புரதம் செல்லின் வெளிப்பக்கத்துச் சமாசாரம். உள்ளே அதற்கு வேலையில்லை. ஆகவே இது சோதனைப் பிழையாகத்தான் இருக்கும் என்று தள்ளிவிட எல்லா நியாயமும் இருந்தது. அவர்கள் தள்ளவில்லை. பிறகு உட்கருவின் சவ்வில் உள்ள துளைகளைக் கட்டும் புரதங்களில் இந்தச் சர்க்கரை அடர்த்தியாக இருப்பது தெரிந்தது. 1997இல் இதை ஒட்டும் நொதியின் மரபணு கைக்கு வந்தது. இன்று மனிதப் புரதங்களில் ஆயிரக்கணக்கானவற்றில் இது இருப்பதாகத் தெரிகிறது.

இத்தனை காலம் எப்படிக் கண்ணில் படாமல் இருந்தது?

படாமல் இருக்கப் பிறந்தது போன்ற மூலக்கூறு அது. ஒட்டும்போது கூடும் எடை 203 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு); ஐம்பதாயிரம் டால்டன் புரதத்தில் அது தெரியவா போகிறது? பாஸ்பேட்டைப் போல மின்சுமையும் இல்லாததால் மின்சாரம் பாய்ச்சி ஜெல்லில் ஓடவிட்டாலும் புரதம் இடம் மாறாது. செல்லை உடைத்த உடனே லைசோசோமிலிருந்து வெளியேறும் நொதிகள் அதைக் கடித்துத் தின்றுவிடும். மூலக்கூறின் எடையை அளக்கும் நிறைமானியில் வைத்தால் புரதத் துண்டு உடைவதற்கு முன்பே சர்க்கரை கழன்று விழும். இப்போது மென்மையாக உடைக்கும் முறைகள் வந்துவிட்டன. குறிபார்த்துப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களும் கிடைக்கின்றன. செல்லுக்குக் கொஞ்சம் திருத்திய சர்க்கரையை ஊட்டி, அது புரதத்தில் ஏறிய பிறகு அதன்மேல் சாயத்தைக் கொளுவும் உத்தியும் உண்டு. உயிருள்ள செல்லைக் கெடுக்காமல் இப்படி வேதிவினை நடத்தும் வழியைத் திறந்த கரோலின் பெர்டோசிக்கு 2022இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஒட்டுவது யார், எடுப்பது யார்?

ஒட்டும் நொதி ஓஜிடி. எடுக்கும் நொதி ஓஜிஏ. அவ்வளவுதான். பாஸ்பேட் ஒட்டும் கைனேஸ் நொதிகள் நம் உடலில் ஐந்நூறுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொறுப்பு. இங்கேயோ ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு ஒட்டுவதற்கு ஒருவர், எடுப்பதற்கு ஒருவர். 

ஓஜிடியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. எலிகளில் அதை முழுக்க நீக்கினால் கரு தொடக்கத்திலேயே இறந்துவிடும். மனிதர்களில் அந்த மரபணுவின் சில மாற்றங்கள் அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாட்டோடு தொடர்புள்ளவை என்று கண்டிருக்கிறார்கள்.

ஒரே நொதி எப்படி ஆயிரம் புரதங்களை அடையாளம் காணும்?

நல்ல கேள்வி, முழு விடை இன்னும் இல்லாத கேள்வியும்கூட. தெரிந்ததைச் சொல்கிறேன். ஓஜிடியின் ஒரு பாதி திருகாணி போல வளைந்த நீண்ட சுருள். அதன் உட்புறத்தில் பல வகைப் புரதங்கள் வந்து படுத்துக்கொள்ள முடியும். கூடவே, வேறு புரதங்கள் அதைக் கைப்பிடித்து இன்ன இடத்துக்கு வா என்று கூட்டிப்போகின்றன. ஊரில் ஒரே ஒரு எலக்ட்ரீசியன்தான் என்றால் எந்த வீட்டுக்கு எப்போது போவது என்பதை அவரா தீர்மானிக்கிறார்? அழைக்கிறவர்கள்தான்.

செரினிலும் திரியோனினிலும்தானே பாஸ்பேட்டும் ஒட்டும்? இரண்டும் மோதிக்கொள்ளாதா?

மோதும். சில இடங்களில் அதுதான் ஏற்பாடே. செல்லைப் பெருகச் சொல்லும் சி-மிக் என்ற புரதத்தில் 58ஆம் இடத்தில் ஒரு திரியோனின் இருக்கிறது. அங்கே பாஸ்பேட் ஏறினால் அந்தப் புரதம் அழிவுக்குப் போகும். அதே இடத்தில் கிளக்நாக் ஏறியிருந்தால் பாஸ்பேட்டுக்கு உட்கார நாற்காலி இல்லை. பர்க்கிட் லிம்போமா என்ற ரத்தப் புற்றில் அடிக்கடி கெட்டுப்போவது இதே 58ஆம் இடம்தான் என்பதைப் பார்த்தால் அந்த நாற்காலியின் மதிப்பு விளங்கும்.

எல்லா இடத்திலும் இப்படி ‘நீயா நானா’ என்று இல்லை. அடுத்தடுத்த இடங்களில் இரண்டும் இருப்பதும் உண்டு. ஒன்று மற்றொன்றை அழைத்துவருவதும் உண்டு. மாணவர்கள் தேர்வில் “இரண்டும் எதிரிகள்” என்று ஒரே வரியில் எழுதும்போது பாதி மதிப்பெண்தான் தருகிறேன்.

சாப்பாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி என்பது என் கருத்து.

ஓஜிடிக்கு கிளக்நாக் நேராகக் கிடைப்பதில்லை. யூடிபி-கிளக்நாக் என்ற தயார்நிலைப் பொருளாகத்தான் கிடைக்கும். அதைச் செய்ய என்னென்ன வேண்டும்? ஒரு தட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கின் மாவுச்சத்து குளுக்கோஸ் ஆகிறது. மீனின் புரதம் அமினோ அமிலங்களாகிறது. அவற்றில் குளூட்டமின் நைட்ரஜனைக் கொடுக்கிறது. சாளையின் நெய் அசிட்டைல் தொகுதியைத் தரலாம். கடைசியாக யூடிபி என்ற கைப்பிடி நியூக்ளியோட்டைடு கணக்கிலிருந்து, செல்லின் ஆற்றல் நிலையைப் பொறுத்து வருகிறது. மாவு, புரதம், கொழுப்பு, நியூக்ளியோட்டைடு ஆகிய நான்கு கையிருப்பும் இருந்தால்தான் யூடிபி-கிளக்நாக் சேரும்.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு விசைப்படகு ஆழ்கடலுக்குக் கிளம்புகிறது என்றால் டீசல், ஐஸ், வலை, ஆள் நான்கும் சேர்ந்துவிட்டது என்று கரையில் நிற்கிறவர் சொல்லிவிடலாம். படகைப் பார்த்தாலே போதும். நான்கு கிடங்குகளையும் போய்ப் பார்க்க வேண்டாம். செல்லும் அப்படித்தான் யூடிபி-கிளக்நாக்கின் அளவைப் பார்க்கிறது. அது மிகுந்தால் ஓஜிடி கூடுதல் புரதங்களில் ஒட்டும். அந்தப் புரதங்கள் மரபணுக்களையும் நொதிகளையும் அதற்கேற்பத் திருப்பும். வரவைப் பார்த்துச் செலவை நடத்துவது.

அப்படியானால் பட்டினி கிடந்தால் ஓ-கிளக்நாக் குறையும்தானே?

குறையும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். சில வகைச் செல்களில் குளுக்கோஸை நிறுத்தினால் அது ஏறுகிறது! நெருக்கடி வந்தவுடன் செல் ஓஜிடியைக் கூடுதலாகச் செய்துகொள்கிறது. ஆகவே ‘தின்றால் கூடும், தின்னாவிட்டால் குறையும்’ என்ற நேர்கோட்டுக் கணக்கு இங்கே செல்லாது. வெப்பம் தாக்கினாலும் இது கூடும். கூடவிடாமல் தடுத்த செல்கள் சூட்டில் எளிதாகச் செத்துப்போயின.

என் எச்பிஏ1சி அறிக்கையில் கிளைகோசைலேட்டட் ஹீமோகுளோபின் என்று போட்டிருக்கிறது. நீங்கள் சொல்வது இதைத்தானா?

இல்லை. நூறு முறை கேட்டாலும் நூறு முறையும் இல்லை என்றே சொல்வேன். அறிக்கையில் அந்தச் சொல்லைப் போட்டவர்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும். சரியான சொல் கிளைகேட்டட். ஓர் எழுத்துக் கூட்டம்தான் வித்தியாசம். பொருளோ கிழக்கும் மேற்கும்.

ஓ-கிளக்நாக்கை ஒட்ட ஒரு நொதி இருக்கிறது, எடுக்க ஒரு நொதி இருக்கிறது, எந்த இடம் என்ற ஒழுங்கு இருக்கிறது. எச்பிஏ1சியில் யாரும் ஒட்டுவதில்லை. ரத்தத்தில் குளுக்கோஸ் மிகுந்து கிடக்கும்போது அது தானாகவே ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி நுனியில் இருக்கும் வாலின் என்ற அமினோ அமிலத்தின் மேல் போய்ச் சிக்கிக்கொள்கிறது. சிக்கியது அந்தச் சிவப்பணு சாகும்வரை அங்கேயே இருக்கும். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால்தான் இந்தச் சோதனை கடந்த இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்கிறது. சோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்று கணக்கு. ரத்தசோகை, தலசீமியா போன்றவை உள்ளவர்களுக்கு இந்த எண் தவறாகக் காட்டலாம். மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புரதத்தோடு சர்க்கரை இப்படித் தானாக வினைபுரிவதை 1912இல் விவரித்தவர் பிரான்ஸ் நாட்டின் லூயி கமில் மயார். பதநீரை வார்ப்பில் ஊற்றிக் காய்ச்சும்போது கருத்துவருகிறதே, கருப்பட்டியின் அந்த நிறத்திலும் மணத்திலும் மயார் வினைக்குப் பங்கு உண்டு. சீனி தானே கருகுவதும் அதில் சேரும். அடுப்பில் அரைநாளில் நடப்பது உடலின் 37 பாகைச் சூட்டில் வருடக்கணக்கில் மெதுவாக நடக்கிறது. கண்வில்லை போன்ற, புதுப்பிக்கப்படாத புரதங்கள் உள்ள இடத்தில் அது சேர்ந்துகொண்டே போகும்.

நீரிழிவில் ஓ-கிளக்நாக்குக்கும் பங்கு இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது, மேலே சொன்னதிலிருந்து தனியான ஒரு பங்கு. ஓ-கிளக்நாக்கின் வேலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும்வரை நன்று. நீண்டகாலம் குளுக்கோஸ் மிகுந்தே இருந்தால் அது ஏறிய நிலையிலேயே தங்கிவிடுகிறது. இன்சுலின் சொல்லும் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதங்களில் அது ஏறினால் அந்தச் செய்தியின் குரல் தாழ்கிறது என்று சோதனைகள் காட்டுகின்றன. வயிறு நிறைந்தவுடன் இலையை மடிப்பது போன்ற இயல்பான ஏற்பாடு அது. நாள் முழுக்க இலை மடித்தே கிடந்தால்தான் சிக்கல்.

இதயத்தில் காம்கைனேஸ்-2 என்ற நொதி கால்சியத்தின் போக்குவரத்தை மேற்பார்க்கிறது. அதன் 279ஆம் இடத்துச் செரினில் கிளக்நாக் ஏறினால், அணைய வேண்டிய நேரத்திலும் அந்த நொதி அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். நீரிழிவில் இதயத்துடிப்பு தாறுமாறாவதற்கு இது ஒரு காரணமாகலாம் என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. வினோதம் என்னவென்றால், அதே இதயத்தில் ரத்த ஓட்டம் திடீரென்று தடைப்படும்போது ஓ-கிளக்நாக் சற்று நேரம் கூடுவது செல்களைக் காப்பாற்றுகிறது.

சீனியை விட்டுவிட்டால் இந்த ஒட்டைக் குறைக்கலாமா?

நீரிழிவுக்காகச் சீனியைக் குறைப்பது நல்லது, செய்யுங்கள். ஓ-கிளக்நாக்கைக் குறைப்பதற்காக என்று செய்ய வேண்டாம். அது முழுக்கக் குறைந்தால் செல்லே இருக்காது. ஏத்தன் பழத்தை விட்டுவிட்டு மட்டிப்பழத்துக்கு மாறினால் என்ன ஆகும் என்றும் ஒருவர் கேட்டார். உட்கருவுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

மூட்டுவலிக்குத் தரும் குளுக்கோசமின் மாத்திரை இந்த வழியில் போகுமா?

மாத்திரையில் உள்ள குளுக்கோசமின் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. சோதனைச்சாலைச் செல்களுக்கு அதை அதிக அளவில் ஊட்டினால் ஓ-கிளக்நாக் கூடும். மாத்திரை அளவில் அப்படியே நடக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் டப்பியைத் திருப்பி, எதிலிருந்து செய்தது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

மறதி நோய்க்கு இதில் மருந்து வரும் என்கிறார்களே?

அல்சைமர் நோயில் மூளைச் செல்களுக்குள் டவ் என்ற புரதம் அளவுக்கு மீறிப் பாஸ்பேட்டைச் சுமந்து, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கட்டியாகிறது. டவ் மேல் கிளக்நாக் ஏறியிருந்தால் அது அப்படிக் கட்டியாவது குறைகிறது. எனவே எடுக்கும் நொதியான ஓஜிஏவைத் தடுத்தால் கிளக்நாக் அங்கேயே நிற்குமே என்பது யோசனை. எலிகளில் பலித்தது. மனிதர்களில் இரண்டாம் கட்டச் சோதனை வரை போன ஒரு மருந்து நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை. யோசனை தவறா, மருந்து கொடுக்கத் தொடங்கிய காலம் பிந்திவிட்டதா என்ற வாதம் நடக்கிறது. ‘எடுப்பவரை’ மொத்தமாகக் கட்டிப்போடுவது சரியான வழிதானா என்பது என் சந்தேகம்.

குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்த ஒட்டுதல் கெடுமா?

கெடும். பிறவி கிளைகோசைலேஷன் குறைபாடுகள் என்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோய்கள் இப்போது தெரியும். முதல் நோயாளிகளை 1980இல் விவரித்தவர் பெல்ஜியத்தின் யாக் யாக்கன். வளர்ச்சிக் குறைவு, வலிப்பு, தசைத் தளர்ச்சி, கல்லீரல் கோளாறு, ரத்தம் உறைவதில் சிக்கல் என்று பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் காட்டும். அதனால்தான் கண்டுபிடிப்பதும் தாமதமாகிறது. பெரும்பாலானவை, பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வரும் வகை. ஆகவே நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது. பெரும்பாலானவற்றுக்கு நேரடிச் சிகிச்சை இல்லை. ஆனால் எம்பிஐ என்ற நொதி கெட்ட ஒரு வகைக்கு வாய்வழியாக மன்னோஸ் கொடுத்தாலே பலன் இருக்கிறது. சர்க்கரையே மருந்தாகும் அபூர்வமான இடம்.

ரத்த வகையும் சர்க்கரைதான் என்பது சரியா?

சரி. சிவப்பணுவின் மேற்பரப்பில் நிற்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் என்-அசிட்டைல்காலக்டோசமின் இருந்தால் ஏ, காலக்டோஸ் இருந்தால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, இரண்டுமே இல்லாவிட்டால் ஓ. ஓ வகையிலும் அடியில் ஒரு ஃபியூக்கோஸ் இருக்கும். அதுவும் இல்லாதவர்களை 1952இல் பம்பாயில் கண்டார்கள், பெயரும் பம்பாய் ரத்த வகை. இவை எல்லாம் செல்லின் வெளிப்புறத்து விவகாரம்.

இன்சுலினைப் பாக்டீரியாவில் செய்கிறார்கள். எல்லா மருந்துப் புரதத்தையும் அப்படிச் செய்யக் கூடாதா?

51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினில் சர்க்கரை ஒட்டு கிடையாது. அதனால் ஈ. கோலை பாக்டீரியாவைக் கொண்டே செய்ய முடிந்தது. 1982இல் விற்பனைக்கு அனுமதியும் கிடைத்தது. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபொய்ட்டின் ஊசி அப்படியல்ல. அதன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு சர்க்கரை. நுனியில் சயாலிக் அமிலம் இல்லாவிட்டால் கல்லீரல் அதைச் சீக்கிரமே பிடித்து அகற்றிவிடும். ஈ. கோலைக்கு அந்த மரத்தை நட்டு வளர்க்கத் தெரியாது. எனவே ஹாம்ஸ்டர் எலியின் சூலகத்திலிருந்து வந்த செல்களில் அதைச் செய்கிறார்கள். விலை வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரப்பர் வெட்டுகிற எனக்கு இதில் என்ன இருக்கிறது?

என் சித்தப்பா குலசேகரத்தில் கேட்ட கேள்வி. இருக்கிறது சித்தப்பா, தினமும் காலையில் கண்முன்னே நடக்கிறது.

பட்டையை வெட்டியதும் பால் சொட்டத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. வெட்டின் மேல் உறைந்து ஒட்டுப்பாலாகிறது. யார் நிறுத்தினார்கள்? ரப்பர் பாலில் லூட்டாய்ட் என்ற நுண்பைகள் மிதக்கின்றன. வெட்டின் அதிர்ச்சியில் அவை உடைந்து ஹெவீன் என்ற புரதத்தை வெளியே விடுகின்றன. 43 அமினோ அமிலம் மட்டுமே கொண்ட சிறிய புரதம். அதற்குக் கிளக்நாக் என்றால் கைவிடாப் பிடி. ரப்பர் துகள்களின் மேலுள்ள ஒரு புரதத்தில் கிளக்நாக் இருக்கிறது. ஹெவீன் அதைப் பிடித்துத் துகளைத் துகளோடு பாலம் போட்டு இணைக்கிறது. பால் கட்டியாகிறது, வெட்டுவாய் அடைபடுகிறது. பூஞ்சைகளின் செல்சுவரிலும் கைட்டின் உண்டு என்பதால், புண்பட்ட பட்டை வழியாக நுழையப் பார்க்கும் பூஞ்சையையும் ஹெவீன் பிடிக்கும். ரப்பர் கையுறை போட்டால் சிலருக்குக் கை தடிப்பதற்கும் இதே ஹெவீன் ஒரு காரணம். சிரட்டையில் பால் குறைந்த நாளில் சித்தப்பா திட்டுவதற்கு இனி ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

செடிகளுக்குள்ளும் ஓ-கிளக்நாக் உண்டா?

உண்டு. கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியில் ஓஜிடி போன்ற இரண்டு நொதிகளை அறிவோம்: ஸ்பிண்ட்லி, சீக்ரட் ஏஜென்ட். இரண்டாவதுதான் கிளக்நாக் ஒட்டும். முதலாவது ஃபியூக்கோஸை ஒட்டுகிறது என்பது 2017இல்தான் தெரிந்தது. அதுவரை அதுவும் கிளக்நாக் என்றே எழுதிவந்தோம். இரண்டும் ஒருங்கே இல்லாவிட்டால் கரு பிழைக்காது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் செலவில்லாமல் காட்ட ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, சக்கைக்குரு. பலாக்கொட்டையில் ஜாக்கலின் என்ற புரதம் நிறைய உண்டு. சில வகைச் சர்க்கரைகளை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்வது அதன் குணம். மனித ரத்தத்திலிருந்து ஐஜிஏ1 எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்க உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள். பச்சைக் கொட்டையைத் தோல் நீக்கி உப்புநீரில் அரைத்து, வடிகட்டி, தெளிந்த சாற்றை எடுங்கள். கழுவிய சிவப்பணுக்கள் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் வைத்து, இந்தச் சாற்றை ஒரு துளி விடுங்கள். ரத்தம் கையாளத் தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த ரத்த வகையானாலும் அணுக்கள் மணல்மணலாகத் திரளும். இன்னொரு துளிச் சாற்றில் முதலில் காலக்டோஸைக் கலந்துவிட்டுச் செய்தால் திரள்வது குறையும். ஜாக்கலினின் கைகள் ஏற்கெனவே நிறைந்துவிட்டன அல்லவா. கொட்டையில் மன்னோஸைப் பிடிக்கும் இன்னொரு புரதமும் இருப்பதால் முழுக்க நிற்காமல் போகலாம். சாறு தெளிவாக இல்லை என்று மாணவர்களைத் திட்ட வேண்டாம்.

கடைசியாகக் கொட்டையை நன்றாக வேகவைத்து அரைத்த சாற்றையும் விட்டுப் பாருங்கள். ஒன்றும் நடக்காது. போன வருடம் வேகவைத்ததில் மீந்த கொட்டைகளை உப்பும் மிளகுத்தூளும் போட்டு நாங்களே தின்றுவிட்டோம். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, வராந்தாவில் வைத்து.